இருண்ட கூடமும் 11 மாத ஒப்பந்தமும்

நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் படிக்க.

சென்ற வாரம் துறைக்கு வெளியே தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தபோது இளையவர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, நாங்கள் எடுத்திருக்கும் வீட்டில் கூடம் பகலிலேயே இருட்டாக இருக்கிறது. என்ன செய்யலாம்? தேடிப் பார்த்தால் எல்லாரும் பெரிய கண்ணாடி மாட்டச் சொல்கிறார்கள்." ஐந்து நிமிடத்தில் ஒரு விடை சொல்லி அனுப்பினேன். அன்று பிற்பகல் 2 மணிக்கு வீடு திரும்பி, பூட்டின் துளையைக் கைபேசி விளக்கால் தேடியபோதுதான் அவ்விடை எவ்வளவு அரைகுறையானது என்பது உறைத்தது. விடுபட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முனிர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய் ஆகியவை தென் தில்லியில் ஆய்வு மாணவர்கள் மிகுதியாகத் தங்கும் பகுதிகள். ஒரு காலத்தில் இவை விளைநிலம் சூழ்ந்த கிராமங்கள். 1908-இல் நில வருவாய்ப் பதிவுகளில் ஊர்க் குடியிருப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒன்று வரையப்பட்டது. அதன் பெயரே லால் டோரா. கோட்டுக்கு வெளியே வயல், உள்ளே வீடும் தொழுவமும். வயலைப் பின்னாளில் நகரம் கையகப்படுத்திக்கொண்டது. கோட்டுக்குள் இருந்ததை விட்டுவைத்தது; கட்டட விதிகளிலிருந்தும் நெடுங்காலம் விலக்கி வைத்தது. நிலத்தை இழந்த குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரே விளைச்சல் வாடகைதான். ஆகவே மனை முழுவதையும் நிரப்பி நான்கு, ஐந்து மாடி எழுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளைவு மட்டும் தெளிவு: மூன்று பக்கமும் அண்டை வீட்டுச் சுவர், முன்பக்கம் கையை நீட்டினால் எதிர்வீட்டுப் பால்கனி. அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் மூன்றாண்டுகளாகக் குடியிருக்கிறேன்.

எங்கள் கூடம் 14 அடி நீளம், 10 அடி அகலம். ஜன்னல் ஒன்று உண்டு. அது தெருவைப் பார்க்கவில்லை, மாடிப்படி நடையைப் பார்க்கிறது. அந்த நடைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றால், 'ஜால்' வழியாக. தில்லியின் நெருக்கமான வீடுகளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முற்றத்தை இங்கே ஆங்கன் என்பர். முற்றம் வைக்க மனையில் இடமில்லாமற் போனபோது, ஒவ்வொரு தளத்திலும் நான்கடிச் சதுரம் ஒன்றைத் தளம் போடாமல் விட்டு, அதன்மேல் இரும்புக் கம்பிச் சட்டகம் பதித்துவிட்டார்கள். மேலே நடப்பவர் கம்பியின்மீது நடப்பார். கீழே இருப்பவருக்கு அதன் இடைவெளிகளில் வானம். சுருங்கிச் சுருங்கி முற்றம் எடுத்த கடைசி வடிவம் அது.

இதை எண்ணும்போதெல்லாம் கிர்க்கி மசூதி நினைவுக்கு வரும். 14-ஆம் நூற்றாண்டில், பிரோஸ் ஷா துக்ளக் காலத்து அமைச்சர் கான்-இ-ஜஹான் ஜுனான் ஷா கட்டியது. சாகேத்துக்கு அருகில் உள்ளது. பெரும்பகுதி கூரையிட்ட தொழுகைக்கூடம். கூரையிட்டவர்கள் ஒளிக்காக நான்கு திறந்த முற்றங்களை உள்ளே விட்டார்கள். சுவரில் கல் பலகணிகளைப் பதித்தார்கள். ஊருக்கும் அப்பலகணிகளாலேயே பெயர். கிர்க்கி என்றால் ஜன்னல். இன்று அவ்வூரின் விரிவாக்கப் பகுதியில் ஜன்னலற்ற அறைகள் எத்தனை என்பதை வாடகைக்கு வீடு தேடிய எவரும் சொல்வர்.

மொழியியல் மாணவன் ஒருவன் இவ்விடத்தில் சொல்லாராய்ச்சியைத் தவிர்ப்பது கடினம், சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். நம் பழஞ்சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலச் சொல்லும் பழைய நோர்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்பட்டதன் திரிபே. நாம் அன்றாடம் வழங்கும் ஜன்னல் போர்த்துகீசியர் தந்தது. ஆனால் சுவரின் உச்சியில், உட்கூரைக்குச் சற்றுக் கீழே வைக்கும் சிறு திறப்புக்கு இந்துஸ்தானியில் ரோஷன்தான் என்று பெயர். ஒளியைக் கொண்டிருக்கும் கலம். ஒளியின் பெயரால் வழங்கும் திறப்பு அது ஒன்றுதான், அதையே முதலில் அடைத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் ஏ.சி. குழாய் போவதற்காக. வாடகை விளம்பரங்களில் 'ஹவாதார்' என்ற சொல்லும் இருக்கும். காற்றோட்டமுள்ளது என்று பொருள். எங்கள் வீட்டு விளம்பரத்திலும் இருந்தது. காற்று உண்டு என்பது உண்மைதான். அதை எக்ஸாஸ்ட் விசிறி தருகிறது.

இனி, கண்ணாடி மாட்டச் சொல்லும் அறிவுரைகளுக்கு வருவோம். திரைச்சீலையை மெல்லியதாக்கு, சுவருக்கு வெள்ளையடி, ஜன்னலுக்கு எதிரே ஆடி வை, இலைச்செடி ஒன்று வை. இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இவற்றை எழுதுபவர் ஜன்னலுக்கு வெளியே வானம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். சுவர் வாசிப்பவருடையது என்றும் எண்ணிக்கொள்கிறார். இரண்டும் இல்லாதவருக்கு இந்த அறிவுரை எதுவரை செல்லும் என்பதை அளந்து பார்க்க விரும்பினேன்.

அளந்தது கைபேசியில். துல்லியத்துக்கு உத்தரவாதமில்லை, ஆனால் ஒரே கருவி, ஒரே மேசை, நண்பகல் 12 மணி என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடுவதற்குப் போதுமானது. முதல் நாள் மொட்டை மாடியில் 70 ஆயிரம் லக்ஸ் காட்டியது. அதே வேளையில் எங்கள் கூடத்து மேசையில் 18. வகுப்பறைக்குத் தேசியக் கட்டட நெறி சொல்லும் அளவு 200 முதல் 500 வரை, நடுவே 300. கண் வளைந்து கொடுக்கும் உறுப்பு என்பதால் 18 லக்ஸில் எழுத்துத் தெரியும். மாலை வரை படித்தால் தலைவலியும் வரும்.

முதலில் செய்தது மிக மலிவானது. ஜாலின்மேல் மூன்றாம் மாடியினர் பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். அங்கே பெண்கள் நால்வர் தங்கியிருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். கீழே நடைகளில் நிற்கும் ஆண்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்பதனால் போர்த்திய தகடு அது. அதை அகற்றுங்கள் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை; நான் கேட்கவும் இல்லை. கழுவலாமா என்று மட்டும் கேட்டேன். தில்லிப் புழுதி ஓராண்டு படிந்தால் எந்தத் தகடும் தார்ப்பாய் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாளித் தண்ணீர், ஒரு பழந்துணி. மேசையில் 18 இருந்தது 29 ஆயிற்று.

அடுத்தது வெள்ளையடிப்பு. அடிக்க வேண்டிய முதல் இடம் சுவரன்று, உட்கூரை. எங்கள் உட்கூரையின் நிறம் என்னவாக இருந்ததென்று சொல்லத் தெரியவில்லை. ஊதுவத்திப் புகையும் தாளிப்புப் புகையும் சேர்ந்த நிறம் அது. படிநடையிலிருந்து வரும் ஒளி சாய்ந்து வந்து தரையிலும் சுவரிலும் பட்டு, மேலெழும்பி உட்கூரையில் பட்டுத்தான் மேசைக்கு இறங்குகிறது. பளபளப்பற்ற புது வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். இங்கே பொதுவாக அடிக்கும் பச்சை, ரோஜா நிற டிஸ்டெம்பர் அதில் பாதியை அனுப்பினால் பெரிது. இழப்பு ஒருமுறை நிகழ்வதன்று. ஒளி சுவருக்குச் சுவர் எதிரொளித்துக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு முறையும் நிகழ்கிறது. பள்ளியில் படித்த பெருக்குத்தொடர்தான். அறைப் பரப்புகளின் சராசரித் திருப்பம் 0.4 எனில், புகுந்த ஒளி மொத்தத்தில் 1.67 மடங்காகும். 0.6 எனில் 2.5 மடங்கு. அதே ஜன்னல், அதே வானம்; ஒன்றரைப் பங்கு ஒளி. எங்கள் மேசையில் 29 இருந்தது 43 ஆயிற்று. கணக்கோடு இவ்வளவு ஒத்துப்போனது தற்செயலாகவும் இருக்கலாம்; மகிழ்ச்சி என்னவோ உண்மையானது.

கண்ணாடி? நண்பர் ஒருவரின் ஆளுயர ஆடியைக் கடன் வாங்கி ஜன்னலுக்கு எதிரே சாய்த்தோம். 43, 46 ஆயிற்று. ஆடி ஒளியைப் படைப்பதில்லை, திசை திருப்புகிறது. ஜன்னலுக்கு வெளியே வானம் இருந்தால் ஆடியில் வானம் தெரியும். எங்களுடையதில் படிக்கட்டு தெரிந்தது, அதில் கிடந்த செருப்புகளும் தெரிந்தன.

ஆடியை மறுநாளே திருப்பிக் கொடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவர் ஒடிசாவிலிருந்து வந்த வரலாற்று ஆய்வாளர். அவருக்கு விழித்திரையில் நிறமிச் சிதைவு நோய் உண்டு. பார்வை வட்டம் ஓரங்களிலிருந்து மெல்லக் குறுகும். மங்கலான இடத்தில் மற்றவரைவிட மிகக் குறைவாகவே தெரியும். வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் கண் பழகப் பல நிமிடம் ஆகும். இதை எழுத அவர் இசைவளித்திருக்கிறார். வெளியிலிருந்து வந்தால் முதற்படியில் சுவரைத் தொட்டபடி சற்று நேரம் நிற்பார். அவரை அறியாதவர்கள் தொலைபேசிக்காக நிற்கிறார் என்றே எண்ணுவர்.

ஆடி வைத்த அன்று மாலை அவர் சொன்னது: "பாய், எனக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் வெளிச்சம் என் கண்ணுக்குள் வரக்கூடாது, காகிதத்தின்மேல் விழ வேண்டும்." குறைபார்வை உள்ளோர் பலருக்கு அதிக ஒளி தேவை, அதே வேளையில் கூசொளி அவர்களை முற்றிலும் முடக்கிவிடும். பளபளக்கும் வெள்ளைப் பெயின்ட், ஆடி, உறையில்லாத பல்பு மூன்றும் அவருக்கு இடையூறு. மேலும், எல்லாமே வெள்ளையானால் எதுவுமே தெரியாது. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு, வெள்ளைச் சுவிட்சுப் பலகை. அவர் கையால் தடவித் தேட வேண்டியதாயிற்று. நான் என் வெற்றிக் கணக்கில் 43 என்று எழுதிக்கொண்ட அதே வாரம் அது. பிறகு கதவுச் சட்டத்துக்கும் சுவிட்சுப் பலகையைச் சுற்றியும் அடர்நீலம் பூசினோம். படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டினோம். ஒளியளவு அணுவும் கூடவில்லை. அவருக்கு வீடு தெரிந்தது.

விளக்கைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பகலொளி வராத வீட்டில் கடைசியில் அதுதான் கதி. 2015-இல் உஜாலா திட்டம் தொடங்கியபின் எல்.இ.டி. பல்பின் விலை வெகுவாகச் சரிந்தது. இன்று விலை தடையன்று. தடை நம் பழக்கம். நடுச்சுவரில் ஒரே டியூப்லைட், அதுவும் 6500 கெல்வின் நீலவெள்ளை. அறையின் ஒரு பக்கம் கண் கூசும், மறுபக்கம் இருட்டு முன்னைவிட இருட்டாகத் தெரியும். அறை இருண்டிருக்கிறது என்று நாம் உணர்வது பெரும்பாலும் சுவரைப் பார்த்துத்தான். ஆகவே 9 வாட் பல்புகள் இரண்டை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 லூமன், அலமாரியின்மேல் மறைவாக வைத்து உட்கூரையை நோக்கித் திருப்பினோம். புதிதாக வெள்ளையடித்த உட்கூரை பெரிய விளக்காகவே மாறிற்று. நிறம் 4000 கெல்வின். இது என் விருப்பம், மஞ்சள்வெள்ளையை விரும்புவோரோடு எனக்குச் சண்டையில்லை. படிப்பதற்கு மேசை விளக்கு தனி. மிக மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண் அதைப் பிரித்தறியாது, சிலருக்குத் தலைவலி மட்டும் தெரியும். கைபேசிக் கேமராவை அருகே கொண்டுபோனால் கறுப்புப் பட்டைகள் ஓடும். அப்படி ஓடினால் கடைக்காரரிடம் வேறு கேளுங்கள்.

தேநீர்க் கடையில் இளையவரிடம் இவ்வளவும், இன்னும் சுருக்கமாக, சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டது பின்வருவது.

உட்கூரைக்கும் சுவருக்கும் வெள்ளையடிக்க எங்களுக்கு 2,600 ரூபாய் ஆயிற்று. ஆள் வைக்கவில்லை, நாங்களே அடித்தோம். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தோம். "அடித்துக்கொள்ளுங்கள் பேட்டா" என்று மனமுவந்து சொன்னார். நான்கு மாதம் கழித்து ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாடகை 14,000. வழக்கமாக 10 விழுக்காடு ஏற்றுவார், அதாவது 1,400. இம்முறை 2,000 கேட்டார். "ஏன் அங்கிள்?" என்றேன். "வீடு இப்போது எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது, பார்!" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. அவருக்கு அது இயல்பான நியாயமாகவே பட்டது. நாங்கள் உண்டாக்கிய வெளிச்சத்துக்கு நாங்களே வாடகை கொடுக்கிறோம்.

ஒளிக்கு உரிமை என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமும் ஒன்றையே சொல்கின்றன: ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் இடையூறின்றி ஒளியும் காற்றும் வந்துகொண்டிருந்தால் அது உரிமையாகிவிடும், அண்டை மனைக்காரர் மறைக்கக்கூடாது. ஆனால் அவ்வுரிமை கட்டடத்துக்கு உரியது, அண்டை மனையை நோக்கியது. என் வீட்டுக்காரர் தம் கட்டடத்துக்குள்ளேயே தம் ஜாலை மூடினால் அச்சட்டம் எனக்காக வாய் திறக்காது. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தமென்றால் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நாடெங்கும் 11 மாதத்துக்கே எழுதுகிறோம். 20 ஆண்டை அளவுகோலாகக் கொண்ட உரிமைக்கு முன்னால் 11 மாதக் குடியிருப்பாளர் யார்?

தேசியக் கட்டட நெறி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வசிக்கும் அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு இருக்க வேண்டும், வறண்ட வெப்பப் பகுதியில். ஈர வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கு. எங்கள் 140 சதுர அடிக் கூடத்துக்கு முதற்கணக்கின்படி 14 சதுர அடி. நெறி வழிகாட்டும், உள்ளூர் விதி ஏற்றால்தான் கட்டுப்படுத்தும். சிவப்புக் கோட்டுக்குள் அது எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதற்கு எங்கள் கூடமே சான்று.

ஆகவே என் கருத்து இது. வாடகைக் கூடத்தின் இருட்டை அலங்காரக் குறைபாடாகப் பேசுவது தவறு; அது குடியிருப்பின் தரக் குறைபாடு, அடுப்படியில் தண்ணீர் வராததைப் போல. தண்ணீர் வராவிட்டால் வாடகை பேசும்போது சொல்கிறோம், சண்டை போடுகிறோம். வெளிச்சம் வராவிட்டால் நம் ரசனைக்கேற்பச் சரிசெய்துகொள்ளச் சொல்கிறார்கள், நாமும் ஆடி வாங்கப் போகிறோம். வீடு பார்க்கச் செல்வோர் நண்பகலில் செல்லுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். வெள்ளையடிப்பதானால் செலவை வாடகையில் கழிப்பது, அதைக் காட்டி வாடகை ஏற்றாதிருப்பது ஆகிய இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காதவர்களுக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களில், முனைவர் பட்ட உதவித்தொகை 8,000. எட்டாயிரத்தில் ஜன்னலுள்ள அறை இப்பகுதிகளில் கிடைக்காது, பகிர்ந்தாலும் கிடைக்காது. என் வீட்டுத் தோழர் விடுதிக் காத்திருப்புப் பட்டியலில் 14 மாதமாக இருக்கிறார். குறைபார்வை என்ற சான்றிதழை இணைத்திருக்கிறார். விடுதி கிடைக்காதவர்கள் எங்கே தங்குகிறார்கள், அங்கே படிக்க முடிகிறதா என்று எங்கள் நிறுவனத்தில் எவரும் கேட்டு நான் அறியேன். ஆய்வு முன்னேற்ற அறிக்கையை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கிறார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரர் ஜாலைத் தளம் போட்டு மூடப் போகிறார். மூன்றாம் மாடி நடையைச் சுவரெழுப்பித் தனியறையாக்கினால் மாதம் 7,000 வரும் என்று கணக்கிட்டிருக்கிறார். மூடினால் எங்கள் 43 லக்ஸ் போய்விடும். தரைத்தளத்தில் குழந்தையோடு இருக்கும் தையற்காரக் குடும்பத்துக்கு இருக்கும் கொஞ்சமும் போய்விடும். என் தோழருக்குப் படிக்கட்டு முழுவதும் இரவாகிவிடும்.

மூன்றாம் மாடிப் பெண்களிடம் முதலில் தயங்கித்தான் பேசினேன். ஜால் மூடப்பட்டால் அவர்களுக்கு நிம்மதி என்று எண்ணியிருந்தேன். அவர்களுள் ஒருவர் சொன்னார்: "எங்களுக்குத் தேவை யாரும் பார்க்காமல் இருப்பது. எங்கள் வாசலிலேயே இன்னொரு வாடகைக்காரர் வருவது தேவையில்லை." அவர்கள் முன்வைத்த யோசனைதான் இப்போது எல்லாருடையதும்: கம்பிச் சட்டகத்தின்மேல் பால்நிறப் பாலிகார்பனேட் தகடு. ஒளியில் ஒரு பகுதியை அது விழுங்கும், மிச்சத்தைப் பரப்பித் தரும், உருவம் தெரியாது. செலவை ஆறு வீட்டாரும் பகிர்ந்துகொள்கிறோம் என்றோம். வீட்டுக்காரர் முழுதாகக் கேட்டார், தேநீரும் தந்தார். "பார்க்கலாம்" என்றார்.

நேற்றுக் காலை வாயிலில் மணல் இறங்கியிருந்தது. நாளை மாலை மீண்டும் போகிறோம், இம்முறை தையற்காரர் பேசுவார். 12 ஆண்டாகக் குடியிருப்பவர், அங்கிளை அண்ணன் என்று அழைப்பவர். தளம் போட்டே தீருவேன் என்றால், தளத்திலேயே கண்ணாடிக் கட்டிகளைப் பதிக்கும் முறை உண்டல்லவா, நான்கடிச் சதுரத்துக்கு அது என்ன செலவாகும், ஆள் நடக்கும் எடையை எப்படித் தாங்கச் செய்வது என்பதைக் கட்டடக்கலை பயின்ற நண்பர்கள் யாரேனும் நாளை மதியத்துக்குள் சொன்னால் கையில் கொண்டுபோவேன்.